உழைத்த கையில் பிறந்த பாட்டு
(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

பாட்டு எங்கே பிறக்கின்றது? ஏட்டிலே பிறக்கின்றது என்பார் சிலர். யாழிலும் குழலிலும் பிறக்கின்றது என்பார் வேறு சிலர். ஏற்றம் இறைத்த உழவனிடமும் நாற்று நட்ட பெண்ணிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்கள் விடை சொல்லியிருக்க மாட்டார்கள்; பாடியே காட்டியிருப்பார்கள். முதுகு வலிக்கும்போது பாடினார்கள். பொழுது போகாதபோது பாடினார்கள். பிள்ளையைத் தூங்க வைக்கவும் பாடினார்கள். மாண்டவரை வழியனுப்பவும் பாடினார்கள். அந்தப் பாட்டுகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடியவர்கள் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். பாட்டு மட்டும் வாய்வழியே நடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றது.

பெயர் தெரியாத அந்தப் பாடகர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, நாடறிந்த பெயரைப் பெற்ற ஒருவரின் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள். அவர்தாம் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். நம் பெருமாநல்லூர்ப் பக்கத்தில் அவருடைய பெயரை அறியாதவர் இருக்கலாம். அவருடைய பாட்டு ஒன்றையேனும் கேளாதவர் இருக்க முடியாது. பேக்கரி வாசலிலே, திருவிழா ஒலிபெருக்கியிலே, பனியன் கம்பெனியின் இரவு ஷிப்டிலே தையல் மெஷின்களின் ஓசைக்கு நடுவே, யார் எழுதியது என்று தெரியாமலே அவரை நாம் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். ஒரு வகையில் அவரும் தம் முன்னோரைப் போலப் பெயரில்லாதவராக மாறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். மக்கள் கவிஞனுக்கு இதைவிடப் பெரிய பேறு வேறு என்ன இருக்க முடியும்?

பிறப்பும் இளமையும்

தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில், 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் கல்யாணசுந்தரம் பிறந்தார். தந்தை அருணாசலம்; தாய் விசாலாட்சி. உழவுத் தொழிலே குடும்பத்தின் வாழ்வு. ஆயினும் அவ்வீட்டில் நெல்லோடு பாட்டும் விளைந்தது. தந்தையார் தாமே பாட்டுக் கட்டும் ஆற்றல் படைத்தவர். பிள்ளை பால் குடித்த நாளிலேயே பாட்டையும் குடித்து வளர்ந்தது என்றால் மிகையாகாது.

பள்ளிப் படிப்போ மிகக் குறைவு. ஊர்த் திண்ணைப் பள்ளியிலே ஏறத்தாழ இரண்டாண்டுகள் படித்ததோடு அது நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் அவர் வயலுக்குப் போய்விட்டார். அதன்பின் வாழ்க்கைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் பாடங்கள் பல. வயலில் உழுதார், மாடு மேய்த்தார், மாட்டு வணிகம் செய்தார், மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் வெயிலில் நின்றார், வண்டி தள்ளினார், இயந்திரம் ஓட்டினார், மேடையேறி நடித்தார். அவர் பார்த்த தொழில்களைப் பதினேழு என்று கணக்கிட்டுச் சொல்லுவார்கள். இருபத்தொன்பதே ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்குப் பதினேழு தொழில்! ஒவ்வொன்றும் வயிற்றுக்காகச் செய்த தொழில். ஆனால் ஒன்றும் வீண்போகவில்லை. எல்லாமே பின்னாளில் பாட்டுக்கு உரமாயின.

முதற் பாட்டு

1946-ஆம் ஆண்டில் அவருடைய முதற் பாட்டு பிறந்த கதை இனிமையானது. அப்போது அவருக்கு வயது பதினைந்தோ பதினாறோ இருக்கும். வயல்வெளியைப் பார்த்துவிட்டு வந்தவர் துறையான்குளம் என்னும் நீர்நிலையின் கரையிலே, ஒரு வேப்பமரத்து நிழலில் அமர்ந்தார். தண்ணீரில் தாமரை இலைகள் அசைந்தன. கெண்டைக் குஞ்சு ஒன்று பளிச்சென்று துள்ளி விழுந்தது. வேறொரு கவிஞராக இருந்தால் அந்த மீனைப் பெண்ணின் கண்ணுக்கு உவமை கூறியிருப்பார். இந்தச் சிறுவருக்கு அது தோன்றவில்லை. தூண்டிலோடு வருகின்றவர்களைப் பற்றிய நினைவே தோன்றியது. மாட்டிக்கொள்ளாமல் ஓடிப்போய்விடு என்று அந்தக் குஞ்சை எச்சரித்துப் பாட்டுக் கட்டினார்.

இதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீன் பிடித்து வாழ்ந்த கைதான் அது. மீன் பிடிப்பதன் சூழ்ச்சி அத்தனையும் அந்தக் கைக்குத் தெரியும். அதனால்தான் மீனின் பக்கம் நின்று பாட முடிந்தது. எளியதை வலியது விழுங்கும் உலகத்தில் எளியதன் பக்கம் நிற்பது என்ற அவருடைய வாழ்நாள் கொள்கை, அந்தக் குளக்கரையிலேயே வேர்விட்டுவிட்டது.

தன் பசியும் ஊர்ப் பசியும்

துன்பப்பட்டவர் எல்லாரும் கவிஞர் ஆவதில்லை. துன்பம் மட்டுமே பாட்டாகிவிடும் என்றால் நம் நாட்டில் வீட்டுக்கு ஒரு கவிஞர் இருந்திருக்க வேண்டும். தன் பசி தன்னுடையது மட்டுமன்று, அது ஊரின் பசி, அதற்குக் காரணமும் உண்டு என்று எப்போது ஒருவன் உணர்கின்றானோ அப்போதுதான் அவனுடைய முனகல் பாட்டாகின்றது. அந்த உணர்வைக் கல்யாணசுந்தரத்துக்குத் தந்தது அவர் வாழ்ந்த காலம்.

அன்றைய தஞ்சை, நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்தது. ஆனால் அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்களின் குடிசைகளில் நெல் இல்லை. பண்ணையாட்களாகவும் குத்தகைதாரர்களாகவும் உழைத்தவர்கள் சொல்லொணாக் கொடுமைகளுக்கு ஆளாகியிருந்தார்கள். 1943-ஆம் ஆண்டிலே தென்பறையில் தோன்றிய விவசாயிகள் சங்கம், பி. சீனிவாசராவ் முதலிய தலைவர்களின் உழைப்பால் வட்டந்தோறும் பரவியது. அந்தப் போராட்டங்களின் விளைவாகவே 1952-இல் தஞ்சை சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இளைஞர் கல்யாணசுந்தரம் அந்த விவசாய இயக்கத்தில் ஈடுபட்டார். பகுத்தறிவு இயக்கத்தின் காற்றும் அவர்மீது வீசியது. கூட்டங்களில் பாடினார். பொதுவுடைமை இயக்கத்தின் ஏடான 'ஜனசக்தி'யில் அவருடைய கவிதைகள் வெளிவந்தன. தோழர் ஜீவானந்தத்தின் அன்பும் அவருக்குக் கிடைத்தது.

ஆசானைத் தேடி

அனுபவம் கிடைத்தது, கொள்கையும் கிடைத்தது. இவை இரண்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. படிக்காமலே கவி பாடிய மேதை என்று அவரைப் புகழ்வோர் இங்கே தவறு செய்கின்றனர். அவர் கல்லூரிக்குப் போகவில்லை என்பது உண்மை. கற்கவில்லை என்பது உண்மையன்று. புதுச்சேரிக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் மாணவராகத் தங்கினார். யாப்பும் சொல்லாட்சியும் அங்கே பயின்றார். சொல்லைச் செதுக்கவும், வேண்டாத சொல்லைத் தயக்கமின்றி வெட்டி எறியவும் அங்கே கற்றார். பிற்காலத்தில் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலைப்பில் ஆசானை வாழ்த்தி எழுதிவிட்டே தொடங்குவது அவர் வழக்கமாயிற்று. திரையுலகில் புகழ் வந்த பின்னும் அவ்வழக்கத்தை அவர் விடவில்லை. 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அவருக்கும் கௌரவாம்பாளுக்கும் நடந்த திருமணத்துக்குத் தலைமை தாங்கியவரும் பாவேந்தரே.

உழைப்பு, இயக்கம், ஆசான் என்னும் மூன்றும் கூடியே ஒரு மக்கள் கவிஞர் உருவானார். இவற்றில் எது குறைந்திருந்தாலும் நமக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

திரையுலகில்

நாடக சபையில் நடிகராக இருந்த அவர், பின்னர்ச் சென்னைக்கு வந்து திரைப்படத்துக்குப் பாட்டெழுத வாய்ப்புத் தேடினார். அது எளிதாகக் கிடைக்கவில்லை. 'படித்த பெண்' படத்துக்கு எழுதினார். அது வெளிவரும் முன்பே 1955-இல் 'மகேஸ்வரி' வெளிவந்தது. பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1956-இல் வெளியிட்ட 'பாசவலை' படத்துக்கு எழுதினார். அறிமுகமில்லாத இந்த இளைஞரின் பாட்டைப் பார்க்கவே முதலில் மனமில்லாதிருந்த இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன், பின்னர் அதைப் படித்துப் பார்த்து வியந்து போனார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. ஆட்டுக்குட்டி நரிக்கு உரிமை, நரி வேட்டையாடுபவனுக்கு உரிமை என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போய், கண்ணில் பட்டதையெல்லாம் தனதென்று கொள்ளும் மனிதனின் ஆசையில் கொண்டுபோய் நிறுத்தும் பாட்டு அது. குளக்கரையில் கெண்டைக் குஞ்சுக்காகப் பாடிய அதே குரல்தான், இப்போது நாடு முழுவதும் கேட்டது.

திரைப்படம் என்பது வணிகம். பணம் போட்டவர் கேட்கும் பாட்டைத்தான் அங்கே எழுத வேண்டும். மெட்டு முன்னே வரும். சொல் பின்னே வரும். இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டே, இடம் கிடைத்த போதெல்லாம் உழைப்பவரின் பேச்சை அவர் உள்ளே கொண்டுவந்தார். 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் ஆணும் பெண்ணும் பாடும் பாட்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். காதலர் பாடும் இடம் அது. அங்கே பெண் கேட்கின்றாள்: காடும் கழனியும் விளைந்து என்ன பயன், உழைத்த நமக்கு மிஞ்சியது என்ன என்று. ஆண் காரணம் சொல்கின்றான். வரப்போகும் நல்ல நாளையும் சொல்கின்றான். தஞ்சை வரப்பிலே பண்ணையாளும் அவன் மனைவியும் பேசிய பேச்சு அது. அதையே காதற் பாட்டாக்கி அரங்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அதே படத்தில், சோம்பித் தூங்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் பாட்டும் அவருடையதே.

குழந்தைக்குச் சொல்லும் புத்திமதியிலும் அவர் தம் கொள்கையை மறக்கவில்லை. 'அரசிளங்குமரி'யில் வரும் சிறுவனிடம் பேய்க்கதை கேட்டு அஞ்சாதே என்கின்றார். 'திருடாதே' படத்தில் திருடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லுகின்றார். சட்டத்தால் மட்டும் திருட்டு ஒழியாது, திருடுகின்றவன் மனம் மாற வேண்டும் என்கின்றார். எடுக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு காலம் நெருங்குகின்றது என்றும் நம்பிக்கை ஊட்டுகின்றார். நீதி நூலின் கருத்தும் அங்கே உண்டு. நாளைய சமுதாயத்தின் கனவும் அங்கே உண்டு.

காதல் அவருக்கு வராத துறையன்று. 1959-இல் ஸ்ரீதர் இயக்கிய 'கல்யாணப் பரிசு' படத்தின் பாடல்கள் அதற்குச் சான்று. ஏ. எம். ராஜாவின் இசையில் அந்தப் பாடல்கள் இன்றும் வாடாமல் இருக்கின்றன. அங்கும் அவர் சொற்கள் நம் வீட்டுத் திண்ணையில் பேசும் சொற்களே.

தன்மானத்தை அவர் விலை பேசியதில்லை. தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்கப் போன இடத்தில், ஒரு படத் தயாரிப்பாளர் அவரை நிற்க வைத்தாராம். கவிஞர், தம்மை வளர்த்தவள் தாய், தமக்கு அறிவு தந்தது தமிழ், தம்மை நிற்கச் சொல்ல நீ யார் என்னும் பொருளில் ஒரு பாட்டை எழுதி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாராம். பணம் அவரைத் தேடி வந்தது என்று கதையை முடிப்பார்கள். கூலி கேட்பவன் பிச்சை கேட்பவன் அல்லன் என்பதை அவர் மேடையில் மட்டும் சொல்லவில்லை, வாழ்ந்தும் காட்டினார்.

நூலும் ஆலையும்

நம் பகுதிக்கு நெருக்கமான இரண்டு பாட்டுகளைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒன்று, 1957-இல் வந்த 'புதையல்' படத்தில் கைத்தறிச் சேலையைப் பற்றியது. கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் வாடிய காலம் அது. 1953-இல் அறிஞர் அண்ணா முதலியோர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்ற செய்தியை நாம் படித்திருக்கின்றோம். அந்தச் சூழலில், மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சேலையாகும் அழகைத் தறியின் தாளத்திலேயே அவர் பாடினார். தறிக்குழியை அறிந்த காது அந்தத் தாளத்தை உடனே கண்டுகொள்ளும்.

மற்றொன்று, ஜெமினி நிறுவனத்தின் 'இரும்புத்திரை' படத்தில் வருவது. ஆலைத் தொழிலாளர்க்கும் முதலாளிக்கும் இடையே நடக்கும் கதை அது. அதில் ஒரு தொழிலாளி தன் கூலியைக் கையில் வாங்கினான். பையில் போடுவதற்குள் அது போன இடம் தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்க அமைந்த பாட்டு. ஆனால் சனிக்கிழமை மாலையில் வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மளிகைக் கடைக்கும் வட்டிக்காரருக்கும் வாடகைக்கும் பங்கிட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் நம் ஊரார் அதைக் கேட்டு எப்படிச் சிரிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். அது பாதிச் சிரிப்பு, பாதிப் பெருமூச்சு.

மறைவு

'இரும்புத்திரை' 1960-ஆம் ஆண்டில் திரைக்கு வந்தது. 'திருடாதே'யும் 'அரசிளங்குமரி'யும் 1961-இல் வந்தன. நாடு அந்தப் பாடல்களைப் பாடியபோது எழுதியவர் உயிரோடு இல்லை. 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், தமது முப்பதாம் வயதை எட்டும் முன்பே, கவிஞர் சென்னையில் மறைந்தார். மகன் குமாரவேல் அப்போது கைக்குழந்தை. திரையுலகில் அவர் பணியாற்றியது ஏறத்தாழ ஐந்தாண்டுகளே. பாரதி முப்பத்தெட்டில் மறைந்ததற்கு அழுத தமிழ்நாடு, இவர் இருபத்தொன்பதில் மறைந்ததற்கு எப்படி ஆறுதல் கொள்ளும்?

பின்னாளில் சிறப்புகள் வந்தன. முதலமைச்சராக இருந்த எம். ஜி. ஆர்., தம் நாற்காலியின் கால்களுள் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்ற கருத்தை வெளியிட்டார். 1981-இல் பாரதிதாசன் விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. 1993-இல் அவருடைய பாடல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மக்களிடமிருந்து எடுத்ததை மக்களுக்கே கொடுத்தாயிற்று.

உலகெங்கும் ஒரே குரல்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறு அன்று. சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜோ ஹில் என்னும் தொழிலாளி, சக தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டினார். 1915-இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். சிலி நாட்டின் விக்டர் ஹாரா உழவர் குடும்பத்துப் பிள்ளை. நாட்டுப்புறப் பாடகியான தாயிடம் பாட்டுக் கற்றவர். ஏழைகளின் வாழ்வைக் கிதாரில் பாடியதற்காக 1973-இல் இராணுவ ஆட்சியாளரால் கொல்லப்பட்டார். மொழி வேறு, மெட்டு வேறு, பாட்டு பிறந்த இடம் ஒன்றே.

முடிவுரை

நம் பெருமாநல்லூருக்குப் பாடப்பட வேண்டிய கதை இல்லையா? 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர் மூவர் இம்மண்ணிலேதான் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அவர்கள் நினைவுத் தூணைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் கல்லூரிப் பேருந்து ஏறுகின்றோம். கிணறு வற்றியபின் ஏர்பிடித்த கைகள் பனியன் கம்பெனிக்குப் போயின. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அந்தக் கைகள் செய்யும் வேலை ஒவ்வொன்றிலும் ஒரு தாளம் இருக்கின்றது. அதற்குப் பாட்டுக் கட்டுபவர் யார்?

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பிசிறு வெட்டுகின்றார். கல்லூரியில் சேர்ந்த நாளில் விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் நான் விவசாயம் என்று எழுதினேன். எங்களுக்கு இன்று நிலம் இல்லை. பக்கத்தில் நின்றவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சமே அப்படி எழுத வைத்தது. அன்று மாலை அம்மா படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். இட்லி விற்றதையும் வண்டி தள்ளியதையும் மறைக்காத ஒருவரின் வாழ்க்கையைப் படித்தபோது, அந்த மடித்த தாள்தான் என் கண்முன் வந்து நின்றது.

நண்பர்களே! மறைக்கின்ற வாழ்க்கை பாட்டாவதில்லை. பட்டுக்கோட்டையார் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. நம் வீட்டில் நடப்பதை நாம் கூச்சமின்றிப் பார்க்க வேண்டும். அது அடுத்த வீட்டிலும் நடப்பதை அறிய வேண்டும். பிறகு தமிழை முறையாகக் கற்று அதைச் சொல்ல வேண்டும். விரிவுரையாளர் பெருமக்கள் மூன்றாவதை நமக்குத் தருகின்றார்கள். முதல் இரண்டும் நம்மிடமே உள்ளன. அடுத்த ஆண்டு மலரிலாவது நம் ஊர்க் கைகளின் பாட்டு ஒன்று இடம்பெறட்டும். என் பங்குக்கு, தேர்வு விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் மீண்டும் வந்தபோது, பனியன் தொழிலாளி என்று எழுதிவிட்டேன்.

வாழ்க மக்கள் கவிஞர் புகழ்!